ரத்லாம் சாக்கடையும் பசுமை வழக்கறிஞர்களும்

ரத்லாம் சந்திப்பை அறியாத ரயில்வேக் குடும்பம் நம் காலனியில் இராது. மும்பையிலிருந்து தில்லிக்குச் செல்லும் பெருவழியில், மாளவ நிலத்தின் நடுவே அமைந்த ஊர் அது. வண்டி நின்றதும் இறங்கி ஓடி, அவ்வூர்க் காரச் சேவு ஒரு பொட்டலம் வாங்காமல் திரும்புகின்றவர் சிலரே. ஆனால் இந்திய நாட்டின் சட்ட வரலாற்றில் அவ்வூருக்கு உள்ள இடம் சேவினால் வந்ததன்று, சாக்கடையினால் வந்தது! அச்சாக்கடையின் வரலாற்றையும், அதன் வழியே இந்நாட்டில் தோன்றி வளர்ந்த ஒரு புதிய வழக்கறிஞர் குழாத்தின் வரலாற்றையும் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

எளியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். சட்டக் கல்லூரியின் படியை மிதித்தறியேன். அத்தகையவன் சட்டத்தைப் பற்றி எழுதலாமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். எழுத நேர்ந்த காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒரு தெருவின் வழக்கு

ரத்லாம் நகராட்சியின் 12ஆம் வார்டில் நியூ ரோடு என்பது ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே முறையான கால்வாய் இல்லை. சாராய ஆலை ஒன்றின் கழிவு நீர் தெருவில் வழிந்தது. கழிப்பிடம் இல்லாத ஏழை மக்கள் தெருவோரத்தையே நாட வேண்டியிருந்தது. கொசுவும் நாற்றமும் பெருகின. முறையிட்டு முறையிட்டு அலுத்த அத்தெருவினர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ்க் கோட்ட நடுவரிடம் சென்றனர். பொதுமக்களுக்குத் தொல்லை தரும் ஒன்றை அகற்றுமாறு ஆணையிட நடுவருக்கு அதிகாரம் தரும் பழைய பிரிவு அது. நடுவர் நகராட்சிக்கு ஆணை பிறப்பித்தார். செசன்சு நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது. உயர்நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. நகராட்சியோ விடாமல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அது கூறிய காரணம் ஒன்றே: “எங்களிடம் பணம் இல்லை.”

1980ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யரும் ஓ. சின்னப்ப ரெட்டியும் அமர்ந்த அமர்வு அது. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்றவர் கிருஷ்ணய்யர். மக்களின் உடல்நலம் காக்கும் கடமையைச் செய்யாமைக்குப் பணமில்லை என்பது விடையாகாது என்று அத்தீர்ப்பு உறுதியாக உரைத்தது. ஆலைக் கழிவைத் தடுக்கவும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே கழிப்பிடம் கட்டவும், கொசுவை ஒழிக்கவும் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பின் சிறப்பு யாது? புதிய சட்டம் எதுவும் இதற்கு வேண்டப்படவில்லை. ஆங்கிலேயர் காலந்தொட்டுச் சட்டப் புத்தகத்தில் உறங்கிக் கிடந்த ஒரு பிரிவை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்; அவ்வளவே. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதைக் கற்றவர் ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சட்டங்கள் வந்தன, கற்றவர் வரவில்லை

1972 ஜூன் திங்களில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், மனிதச் சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நேரில் சென்று உரையாற்றினார். அதன்பின் நம் நாட்டில் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தத்தால், சூழலைக் காப்பது அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது.

சட்டங்கள் வந்தனவே ஒழிய, அவற்றைக் கையாளும் வழக்கறிஞர் எங்கே? அந்நாளைச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தம், சொத்து, குற்றம் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். ஆற்று நீரில் எவ்வளவு குரோமியம் கலந்தால் நஞ்சாகும் என்று எவரும் கற்பிக்கவில்லை. நீதிபதிகளும் அதே கல்லூரிகளில் பயின்று வந்தவர்கள்தாமே! 1983இல் டேராடூனிலிருந்து ஒரு மக்கள் அமைப்பு, முசூரி மலைகளில் சுண்ணாம்புக்கல் வெட்டுவதால் மலை அழிகிறது என்று உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. மன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. ஆயின் எந்தச் சுரங்கம் தீயது, எது தீதற்றது என்று அறிய வல்லுநர் குழுக்களை அமைத்து, அவர்களிடம் கேட்டறிந்தே 1985இல் பல சுரங்கங்களை மூட ஆணையிட முடிந்தது.

போபால் கற்பித்த பாடம்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ரயில்வேக்காரர் எவரும் மறத்தல் இயலாது. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்து ஊரைச் சூழ்ந்தது. அன்றிரவு நிலையத்தில் பணியிலிருந்த துணை நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர், நின்றிருந்த வண்டியை நேரத்துக்கு முன்பே புறப்படச் செய்து பல உயிர்களைக் காத்த செய்தி நம்மவர் வாய்மொழியாகவும் வழங்குகிறது. வாயுவின் கேட்டை அவரும் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தார்.

அந்தத் துயரத்துக்குப் பின் நீதிமன்றத்தில் நடந்ததைப் பலர் அறியார். இழப்பீடு கேட்டு இந்திய அரசு நியூயார்க் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ‘வழக்கை இந்தியாவிலேயே நடத்தலாமே’ என்று கம்பெனி வாதிட்டது. அதற்கு நம் அரசுத் தரப்பு கூறிய மறுமொழி என்ன தெரியுமா? இத்தகைய பெருவழக்கை நடத்தும் ஆற்றல் இந்திய நீதிமன்றங்களுக்கு இல்லை. இந்திய வழக்கறிஞரிடையே தனித்துறைப் பயிற்சியும், சான்று திரட்டும் பழக்கமும், கூட்டாக உழைக்கும் அமைப்பும் போதா என்பதே! கம்பெனித் தரப்பினரோ, இந்திய நீதிமன்றங்கள் மிகத் தகுதி வாய்ந்தவை என்று புகழ்ந்தனர். வேடிக்கை இதனினும் உண்டோ! 1986 மே திங்களில் நீதிபதி கீனன், இந்திய நீதிமன்றங்கள் போதிய தகுதியுடையனவே என்று கூறி வழக்கை இங்கே திருப்பினார். முடிவில் 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. அத்தொகை போதாதென்று பாதிக்கப்பட்டோர் பல்லாண்டுகள் போராடினர்.

நம்முடைய வழக்கறிஞர்கள் திறமையற்றவர் அல்லர். அறிவுக்கு அவர்களிடம் என்றும் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் தனித்தனியே நின்றார்கள். இத்துறையைக் கற்க அவர்களுக்கு இடமும் இல்லை. நம் குறையை நாமே அயல்நாட்டு மன்றத்தில் சொல்ல நேர்ந்த அந்த நிகழ்ச்சி, மானமுள்ளவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்க வேண்டும்.

போபாலுக்கு ஓராண்டு சென்றபின், 1985 டிசம்பர் 4ஆம் நாள் தில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஒலியம் என்னும் அமில வாயு கசிந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவர் அதனால் மாண்டதாக உச்சநீதிமன்றத்தில் கூறப்பட்டது. தில்லி வழக்கறிஞர் சங்கமே இழப்பீடு கேட்டு மனுச் செய்தது. நஞ்சு தம் வாயிலுக்கு வந்தபோது வழக்கறிஞர்கள் ஒன்றுகூடினார்கள் எனலாம். 1986 டிசம்பர் 20ஆம் நாள் வந்த அவ்வழக்கின் தீர்ப்பு, ஆபத்தான தொழில் நடத்துவோர் அதனால் நேரும் கேட்டுக்கு எவ்வித விலக்குமின்றி முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற புது நெறியை நாட்டியது. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

தாமே கற்ற ஒருவர்

ஒலியம் வழக்கை நடத்தியவர் எம். சி. மேத்தா. ஜம்மு காஷ்மீரத்தின் ரஜௌரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, 1983இல் தில்லிக்கு வந்து தொழில் செய்தவர். 1984இல் தாஜ்மகாலைப் புகை அரிப்பது குறித்தும், 1985இல் கங்கையில் கழிவு கலப்பது குறித்தும் வழக்குத் தொடுத்தார். புகை எவ்வாறு பளிங்கை மஞ்சளாக்கும், தோல் பதனிடும் நீர் எவ்வாறு ஆற்றைக் கெடுக்கும் என்றெல்லாம் வழக்கு நடத்திக்கொண்டே கற்றார். 1987இல் கான்பூர்த் தோல் ஆலைகளைப் பற்றியும், 1996இல் தாஜ்மகாலைச் சூழ்ந்த 292 தொழிற்சாலைகளைப் பற்றியும் தீர்ப்புகள் வந்தன. 1997இல் அவருக்கு மகசேசே விருது அளிக்கப்பட்டது.

அவர் பெற்ற தீர்ப்புகளுள் கல்விக்கென்றே அமைந்தது ஒன்று உண்டு. 1991 நவம்பர் 22ஆம் நாள் வழங்கிய அத்தீர்ப்பில், பள்ளிகளில் சூழலியலைக் கட்டாயப் பாடமாக்கவும், திரையரங்குகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சூழல் பற்றிய செய்திகளைக் காட்டவும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நம் குழந்தைகள் இன்று பள்ளியில் படிக்கும் சூழலியல் பாடத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

நம் தாய்நாட்டுப் பாலாறும் இவ்வரலாற்றில் வருகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வாதாடியவரும் மேத்தாவே. 1 கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகிறது. 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுவிட்டது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் ஆய்ந்த 467 கிணறுகளுள் 350 பழுதாகிவிட்டன என்ற செய்திகள் மன்றத்தின்முன் வைக்கப்பட்டன. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காத்தல், கெடுத்தவனே செலவை ஏற்றல் ஆகிய இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் ‘பசுமை அமர்வு’ அமைக்கவும் கூறியது. அவ்வழக்கை வென்றவை ஆவேச உரைகள் அல்ல. கிணறு கிணறாக எண்ணி எழுதிய கணக்கே ஆகும். எழுத்தனாகிய எனக்கு இது மிகவும் உவப்பான செய்தி.

கூடிக் கற்கும் குழாம்

ஒருவர் தாமே கற்றது போதுமோ? நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஆறும் கிணறும் கெடும்போது ஒருவரே எங்கும் செல்வது இயலுமோ? ஆதலின் கற்பிக்கும் இடங்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை 1993இல் சுற்றுச்சூழல் சட்ட மையம் ஒன்றை நிறுவியது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியில் 1997இல் இத்துறைக்கென ஆய்வு மையம் எழுந்தது. அப்பள்ளி அஞ்சல் வழியாகச் சூழல் சட்டப் பட்டயப் படிப்பும் நடத்தலாயிற்று. தொழிலை விடாமலே, ஊரை விட்டு நகராமலே படிக்கலாம் என்ற வாய்ப்பு இதனால் வந்தது. இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008இல் வகுத்த கல்வி விதிகளில், சூழல் சட்டம் கட்டாயப் பாடங்களுள் ஒன்றாக அமைந்துள்ளது.

நீதிபதிகளும் மாணவராயினர். 1993இல் பதிவு செய்யப்பெற்ற தேசிய நீதித்துறைப் பயிற்சிக் கழகத்தின் கட்டடங்களை, 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் திறந்து வைத்தார்கள். அது அமைந்த ஊர் எது? போபால்! நாட்டின் நீதிபதிகள் ஆண்டுதோறும் வந்து பயிலும் பள்ளி, வாயு கசிந்த அதே ஊரில் நிற்கிறது. அதே 2002இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பல நாட்டு நீதிபதிகள் கூடி, நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சூழல் சட்டத்தில் பயிற்சி வேண்டும் என்று ஒருமித்து உரைத்தனர்.

கடல் கடந்தும் இக்குழாம் கைகோத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்பது ஒரு நடுத்தர ஊர். அங்குள்ள பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1983 முதல் ஆண்டுதோறும் பொதுநலச் சூழல் வழக்கறிஞர் மாநாடு நடத்தி வருகின்றனர். அங்கே சந்தித்த பல நாட்டு வழக்கறிஞர்கள் 1989இல் ‘இலா’ என்று சுருக்கமாக வழங்கும் உலகக் கூட்டணியைத் தொடங்கினர். ஒரு நாட்டு வழக்கறிஞர், ‘இச்சுரங்க அறிக்கையில் பிழை உண்டா?’ என்று கேட்டால், அங்குள்ள விஞ்ஞானிகள் படித்து மறுமொழி அனுப்புகின்றனர். ஓர் ஊரில் பெற்ற தீர்ப்பு மற்றோர் ஊர் வழக்குக்கு உதவுகிறது. நம் நாட்டில் 2005இல் இளம் வழக்கறிஞர்கள் தொடங்கிய ‘லைஃப்’ என்னும் அமைப்பு, வனத்துக்கும் சூழலுக்கும் வாதாடி, 2021இல் சுவீடன் நாட்டின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதைப் பெற்றது.

அறிவியல் தெரியாத மன்றம் அறிவியல் வழக்கைத் தீர்ப்பது அரிது என்று 1999இல் உச்சநீதிமன்றமே ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டது. அதன் விளைவாக எழுந்த எண்ணம் பல ஆண்டுகள் கனிந்து, 2010 அக்டோபர் 18ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமாக உருவெடுத்தது. அங்கே நீதிபதியோடு துறை வல்லுநரும் அமர்ந்து தீர்ப்பு வழங்குகின்றார். தில்லியில் தலைமை அமர்வும், சென்னை, போபால், புனே, கொல்கத்தா ஆகிய ஊர்களில் கிளை அமர்வுகளும் உள்ளன. இழப்பீடு கேளாத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய் என்று விதி வகுத்தனர். வழக்கறிஞர் இன்றித் தாமே சென்று வாதாடவும் தடையில்லை.

நம் தொழிலும் அவர் தொழிலும்

இங்கே ஓர் ஒப்புமை கூறுவேன். வண்டி ஓட்டுகின்றவரும், நிலைய அதிகாரியும், கார்டும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளிக்குச் சென்று மீண்டும் பயின்றே ஆக வேண்டும். இருபதாண்டு அனுபவம் உண்டென்று எவரும் விலக்குக் கேட்க இயலாது. விதி மாறுகிறது, சிக்னல் மாறுகிறது. மறந்தால் உயிர் போகும். வழக்கறிஞர்க்கோ நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை. தொழிலில் புகும்போது எழுதும் அகில இந்தியத் தேர்வு ஒன்று 2011 முதல் நடைபெறுகிறது; அதில் சூழல் சட்டமும் உண்டு. அதன்பின் அங்கியை அணிந்தவர் வாழ்நாள் முழுதும் மறுபடி படிக்காமலே இருந்துவிடலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1975 முதலே வழக்கறிஞர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியிருப்பதை நோக்க, நாம் எத்துணைப் பின்தங்கியுள்ளோம் என்பது விளங்கும்.

எழுத நேர்ந்த காரணம்

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். நம் காலனியின் பின்புறச் சாக்கடையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஊரின் கழிவு அவ்வழியே வந்து தேங்கியது. ஒரு மழைக்காலத்தில் என் வீட்டில் இரு குழந்தைகளும் காய்ச்சலில் கிடந்தனர். அடுத்த வரிசையில் ஒரு குழந்தை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தது. எழுதிய கடிதங்களுக்கு விடை இல்லை. முப்பதாண்டுத் தொழில் புரிந்த வழக்கறிஞர் ஒருவரை அணுகினோம். “உயர்நீதிமன்றம் போக வேண்டும், லட்சக்கணக்கில் செலவாகும்” என்று கூறி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

நம் காலனியிலேயே பிறந்து வளர்ந்து, சட்டம் படித்து, பின் அஞ்சல் வழியே சூழல் சட்டமும் படித்த பெண் ஒருத்தி தீபாவளிக்கு வந்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் சிரித்தாள். “மாமா, ரத்லாம் வழக்கைக் கேள்விப்பட்டதில்லையா? கோட்ட நடுவரிடம் ஒரு மனு போதும். பழைய 133ஆம் பிரிவு இப்போது புதிய குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 152ஆம் பிரிவாக இருக்கிறது” என்றாள். அன்றிரவே அமர்ந்து மனு எழுதினாள். எந்த நாளில் எந்த வீட்டில் எவருக்குக் காய்ச்சல் என்ற கணக்கை நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு முன் கால்வாயில் பாதி தூர்வாரப்பட்டு மூடியும் போடப்பட்டது. மறுபாதிக்காக வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் இவ்வாண்டு மழையில் காய்ச்சலின்றி இருந்தார்கள். மறுபாதியை அடுத்து வாழும் குடும்பங்களுக்கு அந்நிம்மதி இன்னும் வரவில்லை.

நாற்பதாண்டுக்கு மேற்பட்ட ஒரு தீர்ப்பு, அதைக் கற்ற ஒருத்தி வந்த பிறகே நம் வாசலை எட்டிற்று. ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் வழங்கும் கல்வி உதவியுள் ஒன்றைச் சட்டம் படிக்கும் பிள்ளைக்கென ஒதுக்குவோம். நம் நூலகத்தில் ஓர் அலமாரியைச் சட்ட நூல்களுக்கு அளிப்போம். திங்கள் ஒருமுறை ஞாயிறு மாலையில் அப்பெண்ணையும் அவள் தோழர்களையும் அழைத்து, குடிமகன் அறிய வேண்டியவற்றைக் கேட்டறிவோம். மறுபாதிச் சாக்கடையின் அடுத்த விசாரணை நாளில், வேலையில்லாதோர் அனைவரும் நீதிமன்றத்துக்கு வந்திருந்து துணை நிற்குமாறும் வேண்டுகிறேன்.